பெரிய வீல் காருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை என் மனைவியின் தம்பி திருச்சியிலிருந்து போன் செய்தான். குரலில் பதற்றம். "மாமா, நாலு டயர் மாத்த 46,000 சொல்றாங்க. ஏமாத்துறாங்களா?" அவன் முன்பு வைத்திருந்தது பழைய சுவிஃப்ட். அதற்கு நான்கு டயரும் சேர்த்து 18,000 ரூபாய்க்குள் முடிந்திருந்தது. இப்போது வைத்திருப்பது இரண்டாம் கையாக வாங்கிய கிரெட்டா, 17 இஞ்ச் அலாய் வீல். கடைக்காரர் டயர் ஒன்றுக்கு 10,900 போட்டு, பொருத்தும் கூலி, பேலன்சிங் (வீல் ஆடாமல் சுற்ற எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட் (வீல்களின் கோணத்தைச் சரி செய்வது), வால்வு என்று 2,400 சேர்த்திருந்தார். கணக்கு சரிதான், ஏமாற்று எதுவும் இல்லை. அந்த அளவு டயரின் விலையே அதுதான்.

ஆனால் அன்று அவன் 46,000 செலவழிக்கத் தேவை இருந்ததா? இல்லை. பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான தொகையில் முடிந்தது. எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். 16, 17, 18 இஞ்ச் வீல் உள்ள சாதாரண குடும்பக் கார் வைத்திருப்பவர்கள், முதல் முறையாக டயர்க் கடைக்குப் போகும் முன் படித்துவிட்டுப் போனால் உதவியாக இருக்கும்.

முதல் படி: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு டயர் பக்கத்தில் உட்காருங்கள். பக்கச் சுவரில் கம்பெனிப் பெயருக்கு அருகே 215/60 ஆர் 17 96எச் என்பது போல ஒரு வரி புடைத்திருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 215-இல் 60 சதவீதம் 129 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் என்ற வகையைக் குறிக்கும். 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். கடைசியில் வரும் 96 சுமைக் குறியீடு, அதாவது அந்த ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. டி என்றால் 190, வி என்றால் 240.

இந்த வரியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "கிரெட்டாவுக்கு டயர்" என்று மட்டும் கேட்டால் போதாது. அதே கிரெட்டாவில் கீழ் வேரியன்ட்டுகளுக்கு 205/65 ஆர் 16-உம் மேல் வேரியன்ட்டுகளுக்கு 215/60 ஆர் 17-உம் வருகின்றன. டாடா ஹாரியரில் 17, 18, 19 என்று மூன்று அளவு உண்டு. வேரியன்ட் மாறினால் பில்லும் ஆயிரக்கணக்கில் மாறும்.

அதே பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், கார் டயருக்கான இந்தியத் தரநிலை அதுதான்.

இரண்டாம் படி: மாற்றத்தான் வேண்டுமா?

பட்டன், அதாவது சாலையைத் தொடும் பகுதியில் பள்ளங்களுக்கு நடுவே உள்ள ரப்பர், தேய்ந்துவிட்டதா என்பதைக் கண் மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே ஒரு சின்ன மேடு குறுக்காக இருக்கும். அது எங்கே என்று காட்ட டயரின் தோள்பட்டையில் ஒரு முக்கோணமோ டி.டபிள்யு.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். பட்டனின் மேல்மட்டம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதி 94-இன்படி கார் டயருக்கு அதுதான் கடைசி எல்லை. புது டயரில் பொதுவாக 7, 8 மில்லிமீட்டர் இருக்கும்.

சட்டம் 1.6 என்றாலும் நான் 3 மில்லிமீட்டர் ஆனதுமே பணம் ஒதுக்கத் தொடங்குவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெடுஞ்சாலையில் தேங்கும் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளம் இல்லாத டயர் தண்ணீரின் மேல் மிதக்கும், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் நம் சொல் கேட்காது. தேய்மானம் அளக்கும் கேஜ் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷனில் புஷ், பால் ஜாயின்ட் ஏதோ ஆட்டம் கண்டிருக்கிறது. இந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். 11,000 ரூபாய் டயரில் இது பெரிய நஷ்டம்.

டயரை மாற்றத் தேய்மானம் தவிர வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று வயது. நம் ஊர் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்குப் பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்புகள் வரும். பட்டன் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் ஆண்டுக்கொரு முறை கடையில் கழற்றிக் காட்டுங்கள். பத்து வருடம் என்பது பல டயர் நிறுவனங்களே சொல்லும் கடைசி எல்லை.

இன்னொன்று புடைப்பு, கடைகளில் பல்ஜ் என்பார்கள். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் புதுக்கோட்டையிலிருந்து மழையில் திரும்பும்போது தண்ணீர் மூடிய ஒரு குழியில் இடது முன் வீல் இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடியது, காற்றும் இறங்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். மறுநாள் வண்டி கழுவும்போது பக்கச் சுவரில் அரை எலுமிச்சம்பழம் கவிழ்த்து வைத்தது போல ஒரு புடைப்பு. உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, மேலே இருக்கும் ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கு பேட்ச் கிடையாது, சரி செய்ய வழியே இல்லை. அந்த டயரில்தான் முந்தைய நாள் குழந்தைகளை வைத்துக்கொண்டு 90-இல் வந்திருந்தேன். பஞ்சர் பட்டன் பகுதியில் என்றால் ஒட்டலாம். பக்கச் சுவரில் வெட்டோ புடைப்போ என்றால் அன்றே ஸ்டெப்னி மாட்டிவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள்.

அந்த டயரைக் கடையில் விட்டு வரும்போது பக்கச் சுவரில் கத்தியால் ஒரு கீறல் போடச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, அவரே கீறிக் காட்டினார். பட்டன் நிறைய இருந்த டயர் அது, இன்னொருவர் வண்டிக்குப் போய்விடக் கூடாது. உங்களையும் அப்படியே செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: பெரிய வீலுக்கு ஏன் இவ்வளவு என்று புரிந்துகொள்ளுங்கள்

இது தெரிந்தால்தான் கடையில் எது நியாயமான விலை, எது இல்லை என்று கணிக்க முடியும். மாருதியின் சின்னக் கார்களில் வரும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 165/80 ஆர் 14, 185/65 ஆர் 15, 195/55 ஆர் 16. கணக்குப் போட்டால் மூன்று டயருக்கும் மொத்த உயரம் ஏறக்குறைய 62 சென்டிமீட்டர்தான். பக்கச் சுவர்தான் குறைந்துகொண்டே வருகிறது: முதலாவதில் 132 மில்லிமீட்டர், அடுத்ததில் 120, மூன்றாவதில் 107. அதாவது வீல் பெரிதாகத் தெரிவது ரப்பரின் உயரத்தைக் குறைத்து உலோகத்தைக் கூட்டியதால். வண்டி ஒன்றும் உயரமாகிவிடவில்லை.

அப்படியென்றால் விலை குறையத்தானே வேண்டும்? இல்லை. அகலம் கூடியிருக்கிறது, அதற்கேற்ப உள்ளே போகும் எஃகு பெல்ட்டும் அகலம். குட்டையான பக்கச் சுவர் அதே எடையைத் தாங்க வேண்டும் என்பதால் கட்டமைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். வேகக் குறியீடும் பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும். இதையெல்லாம் விட முக்கியமானது விற்பனை எண்ணிக்கை. 14 இஞ்ச் டயரை டாக்சிக்காரரில் தொடங்கி எல்லோரும் வாங்குகிறார்கள், எல்லாக் கம்பெனியும் போட்டி போட்டுத் தயாரிக்கிறது. 18, 19 இஞ்சுக்கு வந்தால் கம்பெனியும் குறைவு, மாடலும் குறைவு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெரிய அளவுகளுக்கு அது இன்னும் இறுக்கம்.

சரி, எவ்வளவு ஆகும்? இங்கே தயாராகும் நடுத்தர மாடல்களுக்கு ஒரு டயருக்கு வரியோடு தோராயமாகச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். 14 இஞ்ச் சின்னக் கார் டயர் 4,000 முதல் 5,500. பலேனோ, ஐ20-இன் மேல் வேரியன்ட்டுகளில் வரும் 195/55 ஆர் 16 சுமார் 6,500 முதல் 9,000. நெக்ஸான், பிரெஸாவில் உள்ள 215/60 ஆர் 16 சுமார் 7,000 முதல் 10,000. கிரெட்டா, கிராண்ட் விட்டாராவின் 215/60 ஆர் 17 சுமார் 9,000 முதல் 13,000. எக்ஸ்யுவி 700, ஹாரியரில் வரும் 235/60 ஆர் 18 என்றால் 13,000-இல் தொடங்கி 20,000 வரை போகும். ஹாரியரின் 19 இஞ்ச் அதற்கும் மேல்.

பழைய பில்லோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 10,000 ரூபாய் உள்ள டயர் முன்பு 12,800, இப்போது 11,800. பில்லில் வரி எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நான்காம் படி: இரண்டா, நான்கா?

மைத்துனன் விஷயத்தில் பணம் மிச்சமானது இங்கேதான். நான்கு டயரின் ஆழத்தையும் அளந்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். முன்னால் இரண்டும் 2 மில்லிமீட்டர். பின்னால் இரண்டும் நாலரை. வெடிப்பு இல்லை, மூன்று வருட டயர். வண்டி வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட முன்னால் உள்ளதைப் பின்னால் மாற்றிப் போடவில்லை. முன் வீலில் இயங்கும் காரில் இழுப்பதும் திரும்புவதும் பிரேக் பாரத்தில் பெரும்பகுதியும் முன் டயர்கள் தலையில்தான். அவை சீக்கிரம் தேய்வது இயல்பு.

"அப்ப முன்னாடி ரெண்டு மட்டும் வாங்கிப் போட்டுடவா, மாமா?"

"வாங்குறது ரெண்டுதான் மாப்ள. ஆனா புதுசைப் பின்னாடி போடச் சொல்லு. பின்னாடி இருக்கிறது முன்னாடி வரட்டும்."

அவனுக்கு ஆச்சரியம். கடைக்காரரும் முதலில் "முன்னாடிதான சார் போடணும்" என்றாராம். காரணம் இது. ஈரச் சாலையில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராக வழுக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் வால் சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. டயர் நிறுவனங்களே அதிகப் பட்டன் உள்ள ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன.

ஒரு அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒரு டயர் மட்டும் போய்விட்டது, மற்றவை ஏறக்குறைய புதிது என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். பாதி தேய்ந்துவிட்டது என்றால் ஜோடியாக மாற்றுவதுதான் பாதுகாப்பு. நான்கு வீலும் இயங்கும் வண்டியாக இருந்தால் உயர வித்தியாசம் கியர் அமைப்பைப் பாதிக்கும், அதற்குக் கையேட்டைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ஸ்டெப்னியை எடுத்துப் போடலாமே என்று தோன்றும். 17, 18 இஞ்ச் அலாய் உள்ள பல கார்களில் ஸ்டெப்னி ஒரு அளவு சிறிய இரும்பு வீல். அது கடைக்குப் போய்ச் சேர மட்டுமே. சில வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் விதி மாறியது. டிக்கியைத் திறந்து உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: போனிலேயே விலை கேளுங்கள்

குறைந்தது மூன்று கடை. அதில் ஒன்று டயர் கம்பெனியின் சொந்த ஷோரூம், ஒன்று பல கம்பெனி விற்கும் கடை, ஒன்று ஆன்லைன் விலை. கார் சர்வீஸ் சென்டரிலும் டயர் தருவார்கள், அங்கே தள்ளுபடி குறைவாக இருக்கும். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள்: இந்த அளவில், இந்தச் சுமை, வேகக் குறியீட்டில் என்ன மாடல் இருக்கிறது, தயாரித்த வாரம் என்ன, பொருத்துதல், பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பீர்கள், ஜி.எஸ்.டி. பில் உண்டா.

மொத்த விலையைக் கேட்பது முக்கியம். ஒரு கடையில் டயர் 300 ரூபாய் குறைவாகச் சொல்லி, அலாய் வீலுக்குத் தனிக் கூலி, வெயிட்டுக்கு கிராம் கணக்கில் தனிக் காசு, நைட்ரஜனுக்குத் தனி என்று ஏற்றிவிடுவார்கள். நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

தயாரித்த வாரத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஒரு வருடம் வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு மேல் பழையது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லை வேறு கேளுங்கள். 18, 19 இஞ்சில் பழைய ஸ்டாக் கிடப்பது அதிகம், ஏனென்றால் மெதுவாகத்தான் விற்கும். அதனால் அந்த அளவு வைத்திருப்பவர்கள் டயர் முழுதாகத் தேயும் வரை காத்திருக்காமல் ஒரு மாதம் முன்பே ஆர்டர் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் கடையில் இருப்பதை வாங்கும்போதுதான் விலையும் போகிறது, தேர்வும் போகிறது.

எந்த மாடல் எடுப்பது?

இதில் என் கருத்து சுருக்கமானது. சுமைக் குறியீடு, வேகக் குறியீடு இரண்டும் வண்டியோடு வந்ததற்குக் குறையவே கூடாது. விலை குறைவு என்று 96 இருந்த இடத்தில் 91 போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு டயருக்குத் தாங்கும் எடை 710-இலிருந்து 615 கிலோவாகிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரி எடையும் எடுத்த எடுப்பிலேயே கிடைக்கும் இழுவிசையும் டயரைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

எஸ்யுவி என்பதால் கரடுமுரடான பட்டன் உள்ள ஆல் டெரைன் டயர் போடச் சொல்வார்கள். தினமும் தார்ச் சாலையில் அலுவலகம் போய் வருகிற வண்டிக்கு அது தேவையில்லை. சத்தம் கூடும், மைலேஜ் குறையும். தோட்டம், மலைக் கிராமம் என்று அடிக்கடி மண் பாதையில் போகிறவர்களுக்குச் சரி.

எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. என்று நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கும் கம்பெனிகளுக்குத் தமிழ்நாட்டிலேயே ஆலை உண்டு. எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய பட்டறை. அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் டயர் ஆலைகளைக் கடக்காமல் போக முடியாது. உள்ளூர்க் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி என்று பிரித்துப் பார்ப்பதைவிட உங்கள் அளவில் எந்த மாடல் எளிதாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். நாளைக்கு ஒரு டயர் குழியில் விழுந்து போய்விட்டால் அதே மாடல் உங்கள் ஊரில் உடனே கிடைக்க வேண்டும். இரண்டு நாள் லாரி பார்சலுக்குக் காத்திருக்க முடியாது.

வாரன்டி பற்றிக் கேளுங்கள். சாதாரண வாரன்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், அதுவும் மீதி இருக்கும் பட்டன் அளவுக்குக் கழித்துத்தான் தருவார்கள். குழியில் விழுந்து புடைத்தால் அதில் வராது. சாலைச் சேதத்துக்கும் சேர்த்துக் குறிப்பிட்ட காலம் வாரன்டி தரும் மாடல்கள் இருக்கின்றன. பக்கச் சுவர் குட்டையான 17, 18 இஞ்ச் டயருக்கு அது உண்மையாகவே பயன்படும். ஆனால் பில் தேதியிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும், கடையிலேயே உட்கார்ந்து பதிவு செய்துவிட்டு வாருங்கள். கார் இன்சூரன்சில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. விபத்தில் வண்டியோடு சேர்ந்து போனாலும் பாதிதான். டயருக்குத் தனியாகக் கூடுதல் பாலிசி இருக்கிறது, குழி நிறைந்த பாதையில் தினமும் போகிற 18 இஞ்ச்காரர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆறாம் படி: கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள்

ஏ.சி. அறையில் உட்காரச் சொல்வார்கள். அன்போடு மறுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பொருத்தும் முன் டயரின் வார எண்ணை நீங்களே பாருங்கள், நான்கிலும். போனில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால் அப்போதே சொல்லலாம், ரிம்மில் ஏறிய பிறகு யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

டயரைக் கழற்றும் முன் "வால்வில் சென்சார் இருக்கிறது" என்று பையனிடம் சொல்லுங்கள். டேஷ்போர்டில் ஒவ்வொரு டயரின் காற்றழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் வண்டி என்றால் வீலுக்குள் வால்வின் அடியில் சென்சார் உட்கார்ந்திருக்கும். ரிம்மிலிருந்து டயரின் விளிம்பை அழுத்திப் பிரிக்கும் மெஷின் கை அந்த இடத்தில் பட்டால் உடைந்துவிடும். சென்சார் விலை சில ஆயிரம். வெறும் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரியும் சில வண்டிகளில் தனி சென்சார் இருக்காது, ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மூலம் கணக்கிடும். அதில் டயர் மாற்றிய பிறகு ரீசெட் செய்தால் போதும்.

டயரின் பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ 'அவுட்சைடு' என்ற எழுத்தோ இருந்தால் அதன்படி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ரப்பர் வால்வு என்றால் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். அடுத்து பேலன்சிங். வீலை மெஷினில் சுழற்றி எங்கே எத்தனை கிராம் வெயிட் ஒட்ட வேண்டும் என்று அது காட்டும், ஒட்டிய பிறகு மறுபடி சுழற்றி இரண்டு பக்கமும் பூஜ்யம் வரும் வரை விடக் கூடாது. அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். அளவுகளை அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அதில் இருக்கும்.

நட்டு முறுக்குவதைக் கவனியுங்கள். ஏர் கன் வைத்து 'டர்ர்' என்று கடைசி வரை முறுக்கினால் வழியில் பஞ்சரானால் நம்மால் கழற்ற முடியாது, போல்ட்டும் கெடும். கையால் முறுக்கும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 100 முதல் 130 நியூட்டன் மீட்டர், சரியான எண் உங்கள் கையேட்டில் இருக்கும். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேல்தோல் கொஞ்சம் தேய்ந்தால்தான் முழுப் பிடி வரும்.

சின்ன வீலுக்கு மாறிவிடலாமா?

46,000 என்று கேட்டதும் மைத்துனனும் இதைத்தான் கேட்டான். செய்யலாம், ஆனால் ஒரே நிபந்தனை: உங்கள் வண்டியின் அதே இன்ஜின், அதே மாடலில் கீழ் வேரியன்ட்டுக்கு நிறுவனமே கொடுக்கும் அளவாக இருக்க வேண்டும். 195/55 ஆர் 16 உள்ள பலேனோவுக்கு 185/65 ஆர் 15 அப்படிப்பட்டது. உயரம் ஏறக்குறைய ஒன்று, ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டாது. பிரேக் டிஸ்க் பெரிதாக இருந்தால் சின்ன ரிம் அதில் இடிக்கும், அதனால் பொருத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான்கு ரிம்மும் வாங்க வேண்டும் என்பதால் முதல் தடவையில் மிச்சம் பெரிதாக வராது. நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி அலாயை விற்றால் கொஞ்சம் ஈடாகும். குழிச் சாலையில் தினமும் போகிறவர்கள், வண்டியை எட்டுப் பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அலைச்சல் மட்டுமே மிச்சம்.

இன்னும் பெரிய வீலுக்கு மாறுவதை மட்டும் செய்யாதீர்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் 18 இஞ்ச் அலாயைப் பார்த்தால் ஆசை வரும். பக்கச் சுவர் இன்னும் குட்டையாகும், குழியின் அடி நேராக ரிம்முக்குப் போகும், சஸ்பென்ஷன் சீக்கிரம் தளரும், இன்சூரன்ஸ் க்ளெய்மில் கேள்வி வரும்.

போட்ட டயரைக் காப்பாற்றுவது

கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் இதன் அருமை தெரியும். 17 இஞ்ச் டயர் நான்கு 46,000 ரூபாய், நன்றாகப் பார்த்துக்கொண்டு 46,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். காற்று பார்க்காமல் 30,000-இலேயே தீர்த்துவிட்டால் ஒன்றரை ரூபாய்க்கு மேல்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் முன் பின் எவ்வளவு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரில் இருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் வண்டி ஓடிச் சூடாகும் முன், பக்கத்து பெட்ரோல் பங்கில் பாருங்கள். குடும்பத்தோடு சாமான் ஏற்றி ஊருக்குப் போகும்போது முழுச் சுமைக்கான எண் அதே ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். குட்டையான பக்கச் சுவரில் நாலைந்து பி.எஸ்.ஐ. குறைந்தாலும் பார்வைக்குத் தெரியாது. சப்பையாகத் தெரியும் நேரத்தில் குழி ஒன்று கிடைத்தால் டயரும் போகும், அலாயும் வளையும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுங்கள், அப்போதே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. மைத்துனன் இதை மூன்று வருடம் தவிர்த்ததால்தான் முன் டயர் இரண்டும் அவ்வளவு சீக்கிரம் போயின.

கடைசியாக, இனிமேல்தான் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஷோரூமில் சன்ரூஃப், திரை எல்லாம் காட்டுவார்கள். நீங்கள் எடுக்கப் போகும் வேரியன்ட்டின் டயர் அளவு என்ன, ஸ்டெப்னி என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே ஒரு டயர்க் கடைக்குப் போன் போட்டு அந்த அளவின் விலையைக் கேளுங்கள். நாலைந்து வருடம் கழித்து வரப்போகும் பில் அது, மாதத் தவணையோடு அதையும் சேர்த்து யோசித்துவிட்டு எந்த வேரியன்ட் என்று சொல்லுங்கள்.

மைத்துனன் அன்று கொடுத்தது இரண்டு டயருக்கு 21,800, மற்ற வேலைகளுக்கு 1,700, மொத்தம் 23,500. டேஷ்போர்டு பெட்டியில் ஒரு சீட்டு வைத்திருக்கிறான்: தேதி, ஓடிய கிலோமீட்டர், இரண்டு டயரின் வார எண், நான்கின் ஆழம். அடுத்து மாற்றிப் போட வேண்டிய கிலோமீட்டரை அதில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.